புல்வெட்டி டெக்கை ஒற்றை ஆளாக நகர்த்த கராஜிலேயே செய்துகொள்ளும் சக்கர வண்டி

நான் இருப்பது ஒஹாயோவில், கிளீவ்லேண்டுக்குக் கிழக்கே, ஈரி ஏரியின் ஈரக்காற்று குளிர்காலம் முழுக்கப் பனியாகக் கொட்டுகிற பகுதி. வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை புல் வெட்டுகிற அதே டிராக்டர்தான் நவம்பரில் முன்னால் ஸ்னோ ப்ளோயரை மாட்டிக்கொண்டு பனி தள்ள வேண்டும், அதற்கு முன்பு அதன் வயிற்றுக்கு அடியில் தொங்குகிற டெக் கழன்றாக வேண்டும். டெக் என்றால் பிளேடுகளை மூடிக்கொண்டிருக்கும், கவிழ்த்து வைத்த தொட்டி மாதிரியான அந்த இரும்புக் கூடு. கழற்றுவது பத்து நிமிட வேலை. கழற்றியதை டிராக்டருக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து, கராஜ் மூலை வரை கொண்டுபோய், ஐந்து மாதம் கழித்து மறுபடி அதே இடத்துக்குத் தள்ளி வருவதுதான் இடுப்பை ஒடிக்கிற வேலை. முதல் இரண்டு வருடம் பழைய கம்பளத்தைப் போட்டு இழுத்தேன், மூன்றாவது வருடம் முதுகு பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்திருந்தேன். அப்புறம்தான் இந்த வண்டியைச் செய்தேன். வெல்டிங் தெரிய வேண்டாம், ஒரு ட்ரில்லும் ஒரு ரம்பமும் இருந்தால் போதும்.

வேலையில் இறங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. "டெக்கில்தான் ஏற்கெனவே சின்னச் சக்கரங்கள் இருக்கின்றனவே, எதற்குத் தனியாக?" என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கின்றன. ஆனால் அவை மேடு பள்ளத்தில் பிளேடு மண்ணைச் சுரண்டாமல் இருக்க வைத்தவை, முன்னும் பின்னும் மட்டும்தான் உருளும். டெக்கோ டிராக்டரின் முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையில், பக்கவாட்டில்தான் வெளியே வந்தாக வேண்டும். அந்தச் சின்னச் சக்கரங்களோ தேர்ச் சக்கரம் மாதிரி நேராகத்தான் போகும், திருப்பம் என்றால் முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்ப முடியும். ஆக நமக்கு வேண்டியது எல்லாத் திசையிலும் சுழலும் சக்கரம். அது மட்டும் போதாது, டிராக்டரின் அடிவயிறு தாழ்வானது, அதனால் டெக்கை ஓர் அங்குலச் சொச்சத்துக்கு மேல் தூக்கவும் கூடாது. பக்கவாட்டில் போக வேண்டும், தரையோடு ஒட்டியும் போக வேண்டும். கடையில் விற்கும் நாலு சக்கரப் பலகையை வாங்கி அதன்மேல் டெக்கை ஏற்றி வைத்தால் இரண்டாவதில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் அளவு எடுங்கள்

டெக்கைத் தரையில் இறக்கி, அதன் மிக உயரமான இடத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அது பெல்ட் கப்பியின் மூடியாகவோ தொங்கவிடும் கொக்கியாகவோ இருக்கும். அப்புறம் டிராக்டரின் சட்டத்தில் மிகத் தாழ்வான இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையில் இருக்கும் மொத்த இடம். என்னுடையதில் சட்டம் பதினொன்றரை அங்குலம், டெக் ஒன்பதரை, ஆக 2 அங்குலம். நான் செய்த வண்டி டெக்கை ஒன்றே அரைக்கால் அங்குலம் தூக்குகிறது, முக்காலே அரைக்கால் மிச்சம். (இந்த ஊர் டேப்பில் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று கோடு எண்ணித் திணறும்போதெல்லாம் தாத்தா காலத்து அரைக்காலும் வீசமும்தான் எனக்குக் கைகொடுக்கின்றன, அப்படியே பொருந்திவிடும்.) உங்களுக்கு இடம் போதவில்லையா? டிராக்டரின் நாலு டயரையும் ஒன்றரை அங்குலப் பலகைத் துண்டுகளின் மேல் ஏற்றி நிறுத்துங்கள், டயர் உருளாமல் முன்னும் பின்னும் அடைகொடுங்கள், அவ்வளவு உயரம் கூடுதலாகக் கிடைத்துவிடும். ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு அதற்கடியில் வேலை செய்யவே வேண்டாம்.

அடுத்து டயர்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்தால் முன் டயர் திரும்பி இடம் கூடும், எந்தப் பக்கம் ஒடித்தால் அதிகம் கிடைக்கிறது என்று இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்துவிடுங்கள். அந்த இடைவெளியை விட வண்டி இரண்டு அங்குலமாவது குறுகலாக இருக்கட்டும்.

எடையையும் பார்த்துவிடுங்கள். குளியலறையில் எடை பார்க்கும் மெஷின் போதும். டெக்கின் ஒரு பக்கத்தை அதன் மேல் வைத்து, மறு பக்கத்துக்கு அதே உயரத்தில் ஒரு கட்டை கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பக்கத்தை மாற்றி இன்னொரு முறை. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. என் 48 அங்குல டெக்குக்கு 34 கிலோவும் 31 கிலோவும் காட்டியது, ஆக 65. நாலு சக்கரம் இருப்பதால் நாலால் வகுக்காதீர்கள். சிமெண்ட் தரை எதுவும் உண்மையில் சமமாக இருப்பதில்லை, எந்த நேரமும் ஒரு சக்கரம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், மூன்றுதான் பாரத்தைச் சுமக்கும். மூன்றால் வகுத்தால் 22 கிலோ. ஒவ்வொன்றும் குறைந்தது 50 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும் சக்கரமாக வாங்கினால் கவலை இல்லை.

என்னென்ன வாங்க வேண்டும்

ஒன்றரை அங்குல எல் ஆங்கிள், அரைக்கால் அங்குலக் கனம், 6 அடி நீளத்தில் இரண்டு. மூன்று அங்குல காஸ்டர் வீல் நாலு, நாலுமே சுழலக்கூடியவை, இரண்டில் பிரேக் இருக்கட்டும். எட்டடி நீள டூ பை ஃபோர் கட்டை ஒன்று. கனமான எல் பிராக்கெட் நாலு, ஒவ்வொரு கையும் 5 அங்குலம். மற்றபடி பதினாறில் ஐந்து பங்கு அங்குல போல்ட்டுகள், வாஷர், லாக் நட், கையால் திருகுகிற இறக்கை நட் நாலு. எனக்கு எல்லாம் சேர்த்து நூறு டாலரை ஒட்டி ஆனது.

காஸ்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 அங்குலச் சக்கரம் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் கராஜ் தரையில் வெடிப்பு விடாமல் இருக்க வெட்டி விட்டிருக்கும் கோட்டில் விழுந்தால் எழாது, ஒரு கூழாங்கல்லே அதை நிறுத்திவிடும். மெத்தென்ற ரப்பர் சக்கரமும் வேண்டாம், ஐந்து மாதம் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், வசந்தத்தில் தள்ளும்போது டொக் டொக் என்று மாட்டு வண்டி மாதிரிப் போகும். பாலியூரிதேன் சக்கரம் நல்லது.

கட்டை விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறை ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன். டூ பை ஃபோர் என்பது இரண்டுக்கு நாலு அங்குலம் அல்ல, இழைத்த பிறகு ஒன்றரைக்கு மூன்றரை. கணக்குப் போடும்போது அதை வைத்துப் போடுங்கள். பச்சை நிற மருந்தேற்றிய கட்டை வேண்டாம், அதிலுள்ள செம்புச் சத்து சாதாரண போல்ட்டை அரித்துவிடும், கராஜுக்குள் இருக்கப்போகிற வண்டிக்குச் சாதாரணக் கட்டை போதும்.

வண்டியின் அமைப்பு

கண்ணை மூடி ஒரு பாடையை நினைத்துக்கொள்ளுங்கள். சரி, உவமை நன்றாக இல்லை, ஆனால் அமைப்பு அதுதான். இரண்டு நீளக் கம்புகள், இரு முனையிலும் குறுக்கே ஒவ்வொரு கட்டை. நீளக் கம்புகள்தான் ஆங்கிள்கள். ஒன்று டெக்கின் முன் விளிம்புக்கு அடியிலும் இன்னொன்று பின் விளிம்புக்கு அடியிலும் இடமிருந்து வலமாக ஓடும். படுத்திருக்கும் கை உள்நோக்கி இருக்கும், டெக்கின் விளிம்பு அதன்மேல் உட்காரும். நிமிர்ந்த கை வெளிப்பக்கம், அதுவே டெக் நழுவாமல் தடுக்கிற வேலி. குறுக்குக் கட்டைகள் டெக்குக்கு வெளியே இரு பக்கமும் மேலே நிற்கின்றன, காஸ்டர்கள் அவற்றின் அடியில். ஆங்கிள்கள் அந்தக் கட்டைகளிலிருந்து எல் பிராக்கெட்டில் கீழே தொங்குகின்றன, தரைக்கு ஓர் அங்குலம் மேலே. சக்கரத்தின் மேல் டெக்கை ஏற்றாமல் சக்கரங்களுக்கு நடுவில் தொங்கவிடுகிறோம், அதனால்தான் 4 அங்குல உயரமுள்ள காஸ்டரைப் போட்டும் டெக் தரையை விட்டு எழும்பவில்லை.

செய்வது

ஆங்கிளை டெக்கின் அகலத்தோடு இரு பக்கமும் 6 அங்குலம் கூடுதலாக வைத்து அறுங்கள். என் டெக்கின் கூடு 50 அங்குலம், ஆங்கிள் 62. புல் வெளியேறும் மடல் இந்த அளவில் சேராது, அதை மேலே மடக்கிக் கயிற்றால் கட்டிவிடலாம். குறுக்குக் கட்டை இரண்டும் டெக்கின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை உள்ள தூரத்தை விடச் சுமார் அரை அங்குலம் நீளமாக இருக்கட்டும், ஆங்கிளின் கனமும் கொஞ்சம் விளையாட்டு இடமும் அதில் போய்விடும். டெக்கின் விளிம்பு நேர்கோடாக இருக்காது, பிளேடுகளின் வட்டத்துக்கு ஏற்ப வளைந்து வளைந்து போகும், ஆகவே ஆங்கிளில் இரண்டு மூன்று இடத்தில்தான் தொடும். அது போதும்.

கட்டையைப் படுக்கை வசமாக வைத்து, எல் பிராக்கெட்டின் ஒரு கை கட்டையின் மேற்பரப்பில், மறு கை கட்டையின் முனையை ஒட்டிக் கீழே இறங்குகிற மாதிரி பொருத்துங்கள். மேல் கையில் இரண்டு போல்ட், கட்டையை முழுக்கத் துளைத்து அடியில் வாஷர், லாக் நட். ஆணியோ மரத் திருகாணியோ போடாதீர்கள், டெக்கின் பாரம் முழுவதும் இந்த இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறது.

காஸ்டர் வைக்கும் இடத்தில் கொஞ்சம் நிதானம். சுழலும் சக்கரம் தன் அச்சிலிருந்து தள்ளித்தான் இருக்கும், முழு வட்டம் அடிக்க அதற்குச் சுமார் 3 அங்குலம் வேண்டும். ஆங்கிளின் படுத்த கை வேறு ஒன்றரை அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கட்டையின் முனையிலிருந்து 5 அங்குலம் உள்ளே தள்ளி காஸ்டரின் நடு அச்சு வரட்டும். துளை போடும் முன் காஸ்டரைக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கும் இடிக்கவில்லை என்றால் மட்டும் பென்சிலில் குறியுங்கள். பிரேக் உள்ள இரண்டையும் ஒரே குறுக்குக் கட்டையில், நீங்கள் நின்று தள்ளப்போகும் பக்கத்தில் வையுங்கள், அடியில் குனிந்து தேட வேண்டியதில்லை.

இரும்பில் துளை போடுவதுதான் புதியவர்களுக்குப் பயம். சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி அடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆங்கிளை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், கையால் பிடித்துக்கொண்டு துளைத்தால் பிட் கடித்து நிற்கும் நொடியில் மொத்த ஆங்கிளும் சுழன்று விரலை வெட்டும். முதலில் அரைக்கால் அங்குலத் துளை, பிறகு பெரிய பிட். வேகம் குறைவாக, அழுத்தம் அதிகமாக, ஒரு சொட்டு எண்ணெய். சுருள் சுருளாக இரும்பு வந்தால் சரியாகப் போகிறீர்கள், தூளாக வந்து புகைந்தால் வேகம் அதிகம். கண்ணாடி போடாமல் இதைச் செய்ய வேண்டாம்.

ஆங்கிளையும் பிராக்கெட்டையும் இணைக்க ஒவ்வொரு மூலையிலும் இரண்டு போல்ட். ஒன்று மட்டும் போட்டால் அது கீல் மாதிரி ஆடும். இணைக்கும்போது ஆங்கிளுக்கு அடியில் ஓர் அங்குலக் கட்டைத் துண்டுகளைக் கொடுத்துவிட்டுத் துளை குறித்தால் உயரம் நாலு மூலையிலும் தானாகச் சரியாக வரும், தனித்தனியாக அளக்க வேண்டாம்.

இங்கேதான் என் கதை. நாலு மூலையையும் லாக் நட் போட்டு இறுக்கி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெருமையாகத் தள்ளிக்கொண்டு போய் டிராக்டர் பக்கத்தில் நிறுத்தினேன். காபி கொண்டுவந்த மனைவி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏங்க, டெக்கு நாலு அங்குலம்தான் தூக்கியிருக்கு, இந்தக் கட்டை அஞ்சரை அங்குலம் இருக்கே, இதை அந்தப் பக்கம் எப்படிங்க தள்ளுவீங்க?" என்றாள். காஸ்டர் 4, கட்டை ஒன்றரை. ஆங்கிள் தாராளமாக டெக்குக்கு அடியில் போகும், அதன் முனையில் இருக்கும் கட்டை போகாது. பிராக்கெட் கணக்கு, காஸ்டர் சுற்றும் கணக்கு எல்லாம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

தீர்வு எளிது. ஒரு பக்கக் கட்டையை நிரந்தரமாக லாக் நட் போட்டு இறுக்குங்கள், மறு பக்கக் கட்டையை மட்டும் நாலு இறக்கை நட்டில் கழற்றி மாட்டும்படி விடுங்கள். இறக்கை நட் அதிர்வில் தளரும், அதனால் அடியில் ஸ்பிரிங் வாஷர் ஒன்று. கழலும் கட்டையிலும் அது சேரும் ஆங்கிள் முனையிலும் பெயிண்டால் ஒரு குறி போட்டுக்கொண்டால், ஏப்ரலில் எது முன், எது பின் என்று தடுமாற வேண்டாம்.

டெக்கைக் கழற்றி வண்டியில் ஏற்றுவது

சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, பிளேடு சுற்றும் இணைப்பை விடுவித்து, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுங்கள். ஸ்பார்க் பிளக் வயரையும் பிடுங்கிவிடுங்கள். சூடு ஆறட்டும். கையுறை கட்டாயம், பிளேடு மழுங்கியது போலத் தெரிந்தாலும் கையைக் கிழிக்கும்.

டெக்கைத் தூக்கும் லிவரால் முழு உயரத்துக்கும் தூக்குங்கள். டெக்கின் சொந்தச் சக்கரங்களை மிக மேலே உள்ள துளைக்கு ஏற்றுங்கள், அப்போதும் ஆங்கிளில் இடித்தால் கழற்றி வையுங்கள். என்னுடையதில் பின்னால் இருந்த இரண்டும் இடித்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரே போல்ட்தான். புல் வெளியேறும் பக்கத்திலிருந்து ஆங்கிள்களை உள்ளே செலுத்துங்கள், நிரந்தரக் கட்டை உங்கள் பக்கம் இருக்கும். எதிர்ப்பக்கம் போய், கழலும் கட்டையை மாட்டி நட்டை இறுக்குங்கள். காஸ்டர் பிரேக்கை மிதித்துவிட்டு டெக்கை மெதுவாக இறக்கினால் அது தானே போய் ஆங்கிள்களில் உட்காரும். தூக்குவதற்கு டிராக்டரையே வேலை வாங்கிவிட்டோம், நம் இடுப்புக்கு இதில் பங்கே இல்லை.

இனி பெல்ட்டை எஞ்சின் கப்பியிலிருந்து எடுத்து, முன்பக்கத் தாங்கு கம்பியையும் பின்பக்கக் கைகளின் பின்களையும் கழற்றுங்கள். ஒரு எச்சரிக்கை. பல டிராக்டர்களில் தூக்கும் லிவருக்கு உதவியாக ஒரு ஸ்பிரிங் இருக்கும், டெக்கின் பாரம் இல்லாதபோது லிவரை விட்டால் அது சடாரென்று எகிறும். முகத்தை விலக்கி, கையால் பிடித்தபடியே விடுங்கள். கைகளை மேலே ஏற்றியாயிற்று, ஸ்டியரிங்கை ஒடித்தாயிற்று, காஸ்டர் பிரேக்கை விடுவித்து இழுங்கள். புல் வெளியேறும் பக்கமாகவே இழுங்கள், மடக்கிக் கட்டிய மடல் உயரமாக நிற்கும், அது டிராக்டருக்கு அடியில் போகாமல் வெளியே வந்துவிட வேண்டும். முதல் முறை ஒற்றைக் கையால் இழுத்தபோது, இதற்காகவா நாலு நாள் படுத்தேன் என்று கோபம்தான் வந்தது.

சரளையிலும் புல்லிலும் இது ஓடாது, ஓட வைக்க முயலவும் வேண்டாம். கராஜுக்கு வெளியேதான் கழற்ற முடியும் என்றால் பிளைவுட் பலகை விரித்து அதன்மேல் உருட்டுங்கள்.

குளிர்காலம் முழுக்க வைத்திருக்க

ஒட்டியிருக்கும் ஈரப் புல்லை மரக் கரண்டியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ எடுங்கள். டெக் துருப்பிடிக்க முதல் காரணம் அதுதான், ஈரத்தை இரும்போடு அணைத்து வைத்துக்கொள்ளும். பிரஷர் வாஷரைப் பிளேடு அச்சின் பேரிங் மேல் நேராக அடிக்காதீர்கள், தண்ணீர் கிரீஸைத் தள்ளிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த பிறகு அச்சுகளுக்குப் புது கிரீஸ். பெல்ட்டை இழுவை இல்லாமல் தளர்த்தி விடுங்கள். மூடுவதற்குப் பழைய போர்வைதான் நல்லது, பிளாஸ்டிக் தாள் போட்டால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பெல்ட் மூடிகளுக்கு அடியில் எலி கூடு கட்டும், மாதம் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

வண்டியோடு சேர்த்துப் பத்து அங்குலச் சொச்சம்தான் உயரம், அதனால் என் பட்டறை மேசைக்கு அடியில் அப்படியே போய்விடுகிறது. சிலர் இடத்தை மிச்சப்படுத்த டெக்கைச் செங்குத்தாகச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். பெல்ட்டில் ஓடுகிற டெக் என்றால் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு வைக்கலாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதையும் நான் செய்ய மாட்டேன். ஜான் டியரின் 1025ஆர், குபோட்டாவின் பிஎக்ஸ் வரிசை மாதிரி சற்றே பெரிய டிராக்டர்களில் டெக் ஷாஃப்டில் ஓடும், மேலே கியர்பாக்ஸில் எண்ணெய் இருக்கும். அதை நிமிர்த்தினால் காற்றுத் துளை வழியாக எண்ணெய் ஒழுகும். அந்த 54, 60 அங்குல டெக்குகள் ரொம்பக் கனமானவை, அவற்றுக்கு இந்த மரக் கட்டை போதாது, குறுக்கேயும் இரும்பு, 4 அங்குலக் காஸ்டர், எடை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு படி தடிமனாக.

கழற்றிய பின்கள், கிளிப்புகள், அந்த இரண்டு சின்னச் சக்கரங்களின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வண்டியின் குறுக்குக் கட்டையிலேயே கம்பியால் கட்டிவிடுங்கள். என் டப்பா பழைய ஊறுகாய் பாட்டில், மூடியில் நவம்பர் என்று எழுதியிருக்கிறேன். போன ஏப்ரலில் அதில் ஒரு கிளிப் கூடுதலாக இருந்தது, அது எதனுடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.